ஏழாவது குப்பி

"நூத்தொம்பது வயசு ஆளுக்கு எங்க கம்பெனி ஒரு பென்ஷன் பாலிசி போட்டிருந்தா, அவருக்கு முன்னாடி கம்பெனி செத்திருக்கும்" என்றான் பாலிசி.

யாரும் சிரிக்கவில்லை.

அவனுக்கு அது பழகிப்போன விஷயம். பதினோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி இன்சூரன்ஸ் விற்றதில் அவனுக்கு மிஞ்சியது இந்தப் பட்டப்பெயரும் தேய்ந்த செருப்பும்தான். இப்போது டீச்சரிடம் உதவியாளர் வேலை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் முழுக்கப் பரீட்சை ஹாலில் காப்பியடிப்பவர்களைப் பிடித்தே பேர் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை, துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார்.

ஆராய்ச்சிக்கூடம் பல் கிட்டிக்கும் அளவுக்குக் குளிராக இருந்தது. மேஜைமேல் ஒரு தாங்கியில் ஏழு சின்னக் குப்பிகள். அந்தப் பக்கம் டாக்டர் உட்கார்ந்திருந்தார். முப்பத்து நான்கு வயது இருக்கும். தூங்கிப் பல நாளான கண்கள். வெள்ளைக் கோட்டின் பொத்தான்கள் வயிற்றுப் பக்கம் மட்டும் போடப்படாமல் இருந்தன.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"எங்க அம்மா நாப்பத்து மூணு வயசுல மறக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல சாவியை. அப்புறம் வீட்டுக்கு வர்ற வழியை. அப்புறம் என்னை. நாப்பத்தொன்பதுல போய்ச் சேர்ந்தாங்க. பரம்பரை நோய் மேடம். ஒரே ஒரு மரபணுவுல கோளாறு. அது இருந்தா நோய் வந்தே தீரும். மருந்து கிடையாது." டாக்டர் தாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கும் அது இருக்கு."

பாலிசி நுனி நாக்கில் வைத்திருந்த அடுத்த ஜோக்கை அப்படியே விழுங்கினான்.

"அதுக்கும் இந்த நூத்தொம்பது வயசுக் கிழவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் டீச்சர்.

"நூறு வயசைத் தாண்டினவங்க ஏன் அத்தனை வருஷம் இருக்காங்கன்னு அவங்க மரபணுவை வெச்சுக் கண்டுபிடிக்கறதுதான் என் ஆராய்ச்சி. அப்படி வந்ததுதான் இவரோட ரத்தம். பார்த்தா, எங்க அம்மாவுக்கு இருந்த அதே கோளாறு இவருக்கும் இருக்கு! ஆனா மனுஷன் நூத்தொம்பது வயசுல பழசெல்லாம் பிசகாம சொல்றார். அப்ப அந்தக் கோளாறைத் தடுக்கற வேற ஒரு மரபணு அவர்கிட்ட இருக்கணும், இல்லையா? கேடயம்னு பேர் வெச்சிருக்கோம். ரெண்டு வருஷமா அதைத்தான் தேடறேன்." டாக்டரின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "அப்படி ஒண்ணு இருக்குங்கற தைரியத்துலதான் இதுக்கே துணிஞ்சேன். நாலாவது மாசம். குழந்தைக்கும் இந்தக் கோளாறு போக பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"இந்த ஆறு குப்பியும் அவரோடதா?"

"ஆமா. அதிசயமான ரத்தம் மேடம். ரத்தத்தை வெச்சு உடம்போட வயசைக் கணிக்க ஒரு சோதனை இருக்கு. இவரோடது ஐம்பதைக்கூடத் தொடலை. நாப்பது சொச்சம்தான் வருது. எங்க கூடமே கொண்டாடிச்சு."

"எனக்கு மட்டும் அந்தச் சோதனை பண்ணிடாதீங்க. என் பொண்டாட்டிகிட்ட வயசைக் குறைச்சுச் சொல்லி வெச்சிருக்கேன்" என்றான் பாலிசி.

டீச்சர் ஏழாவது குப்பியைத் தொட்டுக் காட்டினார். "இது?"

"போன மாசம் வந்தது. இதுல கோளாறும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஆனா மத்த ஆறோட பாதி ஒத்துப்போகுது. அப்பா மகன் உறவுன்னு வருது. கிழவருக்கு இப்ப இருக்கறது ஒரே மகன்தான். அவர் ரத்தத்தை அடைச்சு என் தலையில கட்டிட்டு, அசல் ரத்தத்தை வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க. வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்துட்டு வர்ற பொண்ணு மேலதான் எனக்குச் சந்தேகம்."

"மகனோட ரத்தத்தைத் தனியா எடுத்துப் பார்க்கலையா?"

"ஆரம்பத்துலயே கேட்டோம். ஊசின்னா பயம்னு மறுத்துட்டார்."

"என்ன தொழில்?"

"டெய்லர்."

"டெய்லருக்கு ஊசின்னா பயமா?" பாலிசி வாயைப் பொத்திக்கொண்டான். "மீனுக்குத் தண்ணி ஆகாதுன்னு சொன்ன மாதிரி இருக்கு."

இந்தத் தடவையும் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் எங்கோ ஒரு மாணவன் மாட்டப்போகிறான் என்று அர்த்தம்.

"டாக்டர், அந்தச் சோதனை உறவைச் சொல்லும், சரி. யார் அப்பா, யார் மகன்னு சொல்லுமா?"

"சொல்லாது."

"ஏழாவது குப்பிக்கு வயசு பார்த்தீங்களா?"

"போலின்னு தெரிஞ்சதுக்கு எதுக்கு மேடம்?"

"இருந்தாலும் பார்த்து வைங்க. வந்ததும் கூப்பிடுங்க."

ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு அந்த வட்டாரத்தில் ஊசிக்காரி என்று பெயர். பரிசோதனை நிலையத்தின் பின்னறையில் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. எதைக் கேட்டாலும் கேள்விக்கு முன்னால் பதில் வந்தது. குப்பியை மாற்றவில்லை, யாருக்கும் விற்கவில்லை, பெற்ற பிள்ளைமேல் சத்தியம்.

"நீ மாத்தலைம்மா, நான் நம்பறேன்" என்றார் டீச்சர். "எனக்கு வேற ஒண்ணுதான் தெரியணும். வயசானவங்களுக்கு நரம்பு கிடைக்காதுங்கறாங்களே, நீ எந்தக் கையில எடுப்பே? அடுத்த தடவை எங்க ஆள் ஒருத்தரை அனுப்பறோம், அவருக்குச் சொல்லணும்."

"இடது கையில எடுக்கச் சொல்லுங்கக்கா. வலது கையில எடுத்தா கத்தரி பிடிக்கறப்ப வலிக்கும்."

"யாருக்கு?"

ஊசிக்காரியின் கையில் இருந்த பஞ்சு நின்றது.

"படுத்த படுக்கையா இருக்கற தாத்தா எந்தத் துணியை வெட்டப் போறாரு?" என்று கேட்டான் பாலிசி.

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை முதலில் வந்தது, பேச்சு பிறகுதான்.

"முதல் தடவை போனப்ப அவர் கையில குத்தாத இடம் இல்லைக்கா. நரம்பு உடைஞ்சு உடைஞ்சு போச்சு. கையெல்லாம் கறுத்துப் போய், தாத்தா குழந்தை மாதிரி கத்தினாரு. நாப்பத்தாறு வயசு மகனால அதைப் பார்க்க முடியலை. 'அவரை விட்டுடும்மா, எங்கிட்ட எடுத்துக்கோ. அவர் உடம்புல ஓடறதுதானே எனக்கும் ஓடுது'ன்னு சட்டையை மடிச்சுட்டாரு. வெறும் குப்பியோட போனா எனக்கு வேலை போயிடும். நானும் எடுத்துட்டேன். அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு."

"அதான் மகன்கிட்ட தனியா கேட்டப்ப ஊசிக்குப் பயந்தாராக்கும்" என்றான் பாலிசி.

"நான்தான் வேண்டாம்னு சொல்லச் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா மாட்டிப்போமே."

"அப்ப ஆறு தடவையும் மகனோடது. ஏழாவதுதான் தாத்தாவோடது" என்றார் டீச்சர்.

ஊசிக்காரி தலையாட்டினாள்.

"ஏழாவது தடவை மட்டும் ஏன் மாத்தினே?"

"நான் எங்கக்கா மாத்தினேன்? அவர்தான் தாத்தா கையை நீட்டி எடுக்கச் சொன்னாரு. அன்னிக்குன்னு பார்த்து முதல் குத்துலயே நரம்பும் கிடைச்சுடுச்சு. ஏன்னு அவரைத்தான் நீங்க கேட்கணும்."

"எங்களோட வா, கேட்போம்."

காரில் ஏறியதும் பாலிசி உற்சாகமாக ஸ்டியரிங்கைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது டீச்சர். எல்லாரும் ஏழாவதைப் போய்ப் போலின்னாங்க."

"ஹால்ல ஆறு பேப்பர் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருக்கு, ஒரே ஒரு பேப்பர் வேற மாதிரி இருக்கு. நீ எதை நம்புவே?"

"ஆறைத்தான்."

"அதான் நீ எந்தப் பரீட்சையும் தேறலை. ஆறும் காப்பி. ஒருத்தன்தான் சொந்தமா எழுதியிருக்கான்." டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. "ஆறு குப்பியும் மகனோடதுன்னா, அந்தக் கோளாறும் மகனோடது. கிழவருக்கு அது இல்லவே இல்லை. நோயே இல்லாதவருக்குக் கேடயம் எதுக்கு?"

பாலிசிக்கு வெள்ளைக் கோட்டில் போடாமல் விட்டிருந்த பொத்தான்கள் கண்முன் வந்தன. அதற்குள் போன் அடித்தது. டாக்டர்தான். பாலிசி ஸ்பீக்கரில் போட்டான்.

"மேடம், ஏழாவது குப்பி... நூறைத் தாண்டிடுச்சு. நாங்க நாப்பது சொச்சம்னு கொண்டாடினது..."

"நாப்பத்தாறு வயசு டெய்லரோட ரத்தம்" என்றார் டீச்சர்.

பின்சீட்டில் ஊசிக்காரி மூக்கை உறிஞ்சினாள். பிறகு டாக்டரின் குரல் வந்தது. அது இவர்கள் எதிர்பார்த்த குரல் இல்லை.

"நாப்பத்தாறா? மேடம், எங்க அம்மாவுக்கு நாப்பத்து மூணுல ஆரம்பிச்சது. பெரியம்மாவுக்கு நாப்பத்தொண்ணு. இந்தக் கோளாறு இருக்கற யாரும் நாப்பத்தஞ்சைத் தாண்டி நல்லா இருந்ததா நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த மகன் நல்லா இருக்கார்னா..." மூச்சு வாங்கியது. "கேடயம் கிழவர்கிட்ட இல்லை. மகன்கிட்ட இருக்கு!"

"டாக்டர், அவசரப்படாதீங்க."

"நான் லைன்லயே இருக்கேன். நீங்க அந்த மகன்கிட்ட பேசுங்க. எனக்குக் கேட்கணும்."

பாலிசி இணைப்பைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மூழ்குகிறவர்களுக்குத் துரும்பு போதும் என்பார்கள். இது துரும்பைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது என்று அவனும் நம்பினான். நம்ப வேண்டும்போல் இருந்தது.

டெய்லரின் வீடும் கடையும் ஒன்றுதான். முன்னறையில் தையல் மெஷின், வெட்டும் மேஜை, கம்பியில் வரிசையாகத் தொங்கும் சட்டைகள். கதவு இல்லாத உள்ளறையில் ஜன்னலோரக் கட்டிலில் கிழவர் படுத்திருந்தார்.

"யாருடா அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நூற்றொன்பது வயதுக் குரல் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"ரத்தம் எடுக்கற பொண்ணுப்பா. கூட ரெண்டு பேர்" என்ற டெய்லர் கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்தார். சிரித்த முகம். "உட்காருங்க, உட்காருங்க. அந்தத் துணியைத் தள்ளிட்டு உட்காருங்க."

நல்ல மனுஷன். நேராகப் பார்த்தார், நேராகப் பேசினார். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் மழுப்பவில்லை. "தப்புதாங்க. அப்பா கத்தினதைக் கேட்டிருந்தா நீங்களும் இதைத்தான் செஞ்சிருப்பீங்க" என்றார். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். அம்மா, அப்பாவுக்கு இரண்டாம் தாரம். இவருக்கு எட்டு வயதாகும்போதே போய்விட்டாராம்.

"எப்படிப் போனாங்க?"

"புத்தி பேதலிச்சுப் போச்சும்பாங்க. எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லைங்க."

பாலிசி கம்பியில் தொங்கிய ஒரு நீலச் சட்டையைத் திருப்பிப் பார்த்தான். இடது மார்பில் ஒரு பை. அந்தப் பைமேலேயே இன்னொரு பை. இரண்டும் ஒரே அச்சாகத் தைக்கப்பட்டிருந்தன.

"என்னண்ணே, பைக்குப் பையா? திருடன் ஒண்ணுல கைவிட்டா இன்னொண்ணுல பூட்டிக்கும்போல. புது ஃபேஷனா?"

டெய்லர் சட்டையை வாங்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "அட... இது எப்போ?" என்று சிரித்துவிட்டு மேஜைக்கு அடியில் போட்டார். "கொஞ்ச நாளாவே வேலை அதிகம்ங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"ஆறு தடவை உங்க கையைக் கொடுத்தீங்க, சரி. போன மாசம் மட்டும் ஏன் அப்பா கையைக் கொடுத்தீங்க?"

"போன மாசமா?" டெய்லர் தலையை ஆட்டினார். "இல்லையே. போன மாசமும் என் கைதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னங்க இருக்கு? அப்பா மேல ஊசி படவே விட மாட்டேன். ஏம்மா, நீயே சொல்லு."

ஊசிக்காரி வாசலோரமாக நின்றிருந்தாள்.

"இல்லைண்ணே. நான் வந்து வழக்கம்போல உங்ககிட்டதான் உட்கார்ந்தேன். நீங்க எழுந்து போய் தாத்தா சட்டையை மடிச்சு விட்டீங்க. 'உங்க கை வேண்டாமாண்ணே?'ன்னு கேட்டேன். 'என் கை எதுக்கும்மா? டெஸ்ட் அப்பாவுக்குத்தானே?'ன்னீங்க. நீங்க ஏதோ மனசு மாறிட்டீங்கன்னு நினைச்சேன்."

"நானா?"

"ஆமாண்ணே. தாத்தா கத்தினாரு. நீங்க 'அவருக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியாதே'ன்னு அழுதீங்க."

டெய்லர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. தன் இடது முழங்கையை மடித்து, விரித்து, அங்கே எதையோ தேடினார். பிறகு டீச்சரைப் பார்த்தார், பாலிசியைப் பார்த்தார். ஏதாவது ஒரு முகத்தில் 'சும்மா சொன்னோம்' என்பது தெரியாதா என்று பார்த்த பார்வை அது. பாலிசியால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. குனிந்தான். மேஜைக்கு அடியில் நீலச் சட்டை கிடந்தது. முதல் பையைத் தைத்ததே ஞாபகம் இல்லாமல் இரண்டாவதைத் தைத்திருக்கிறார் மனுஷன். அதற்கு நான் ஜோக்கடித்தேனே என்று தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக வந்தது.

"வேலை நிறைய கிடக்குங்க" என்று சொல்லிவிட்டு டெய்லர் மெஷினில் போய் உட்கார்ந்தார். ஆனால் மிதிக்கவில்லை. கை மட்டும் சக்கரத்தின்மேல் இருந்தது.

சட்டைப் பைக்குள் இருந்த போன் பாலிசிக்கு ஞாபகம் வந்தது. வாசலுக்கு வந்து காதில் வைத்தான். கூடவே டீச்சரும் வந்தார்.

"டாக்டர்?"

"கேட்டேன்" என்றது குரல். ஏற்ற இறக்கமே இல்லாமல். "எல்லாம் கேட்டேன்."

டீச்சர் போனை வாங்கிக்கொண்டார். "அம்மா" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அவருக்கும் வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளிடம் ஃபெயில் என்று சொன்ன வாய்.

"கேடயம்னு ஒண்ணு இல்லவே இல்லை, இல்லையா மேடம்?"

"இவங்ககிட்ட இல்லை."

"வேற யார்கிட்ட தேடறது? இவர் ஒருத்தர்தான் இருந்தார்." பிறகு, "அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதீங்க. நான் வரேன். எனக்கு ஒருத்தர் போன்ல சொன்னார், ரோட்டுல நடந்து போறப்ப. அப்படி யாருக்கும் சொல்லக் கூடாது மேடம். நான் வந்து பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன். எனக்கும் அதேதான்னு சொல்றேன்." போன் நின்றது.

டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்டுபிடித்த பிறகு இப்படி உட்கார்ந்து பாலிசி அவரைப் பார்த்ததில்லை. ஊசிக்காரி சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். பாலிசிக்கு ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. பேசினால் ஜோக்குதான் வரும் என்று பயமாகவும் இருந்தது.

"தம்பி." உள்ளறையிலிருந்து கிழவர் கூப்பிட்டார். "சிரிக்கச் சிரிக்கப் பேசினியே, உன்னைத்தான். இப்படி வா."

பாலிசி டெய்லரைத் தாண்டி உள்ளே போனான். கிழவரின் கை போர்வைக்கு வெளியே இருந்தது. எலும்பின்மேல் தோல், தோலின்மேல் போன மாதத்துக் கறுப்பு.

"காது மட்டும் இன்னும் சாகலை எனக்கு" என்றார் கிழவர், முன்னறைக்குக் கேட்காதபடி. "அவன் அம்மாவும் இப்படித்தான். பூட்டின கதவைத் திரும்பத் திரும்பப் பூட்டிட்டே இருப்பா. ரெண்டு மாசமா இவன்கிட்ட பார்க்கறேன். மருந்து கொடுத்துட்டு, கொடுத்தேனான்னு என்கிட்டயே கேட்கறான்."

"அவர்கிட்ட சொல்லலையா ஐயா?"

"சொல்லி? பெத்தவன் வாயால அதையும் சொல்லணுமா?" கிழவர் கூரையைப் பார்த்தார். "அந்த டாக்டர் பொண்ணு, நான் ஏன் சாகாம கிடக்கேன்னு கண்டுபிடிக்கத்தானே வந்துச்சு? தெரிஞ்சுதா?"

"இல்லீங்க ஐயா."

"எனக்கும் தெரியலை. கூடப் பிறந்தவங்க போனாங்க, பெத்ததுல மூணு போச்சு, கட்டினது ரெண்டும் போச்சு. தினமும் ராத்திரி சாவுகிட்ட, என்னையும் கூட்டிட்டுப் போயேன்னு கேட்பேன். வரலை. இப்ப வந்துடுமோன்னு பயமா இருக்கு தம்பி. நான் போயிட்டா இவனுக்கு யார் சட்டை மாட்டி விடுவா? யார் ஊட்டுவா? அவளுக்கு நான் இருந்தேன். இவனுக்கு யாரு இருக்கா?"

பதினோரு வருடம் பாலிசி படியேறிய ஒவ்வொரு வீட்டிலும் 'நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?' என்றுதான் ஆரம்பிப்பான். கேட்டவர்கள் எல்லாரும் சாவுக்குப் பயந்தவர்கள். இப்படிப் பயந்த ஒருத்தரை அவன் பார்த்ததில்லை.

"என்னைக் கொஞ்சம் நிக்க வை" என்றார் கிழவர்.

"ஐயா, நீங்க எழுந்து எவ்வளவு நாளாச்சு?"

"வருஷம் ரெண்டாச்சு. அதனால என்ன? பழகிக்கணும். அவன் நடை மறக்கறதுக்குள்ள நான் நடந்தாகணும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் பாலிசி வாயெடுத்தான். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. போர்வையை விலக்கி, இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினான். கனமே இல்லை. பாதங்கள் தரையைத் தொட்டன. கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிரப் பார்த்தார். முழங்கால்கள் நடுங்கின, மடங்கின. கட்டிலில் சரிந்து விழுந்தார்.

முன்னறையில் மெஷின் இன்னும் ஓடவில்லை.

கிழவர் மூச்சிரைத்தார். நெற்றியில் வேர்வை. கண்ணீரைத் துடைக்கவும் அவருக்கு நேரமில்லை. கறுத்துப்போன அந்தக் கையைத் திரும்பவும் பாலிசியின் தோளை நோக்கி நீட்டினார்.

"இன்னொரு தரம்" என்றார்.